சபை மறுத்தது என்றால் மறுத்தவர் யார்?

இலண்டனின் கிழக்கு ஹாமில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள். சிலர் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். எழுவாயும் பயனிலையும் பொருந்தி வரவேண்டும் என்பது இவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தமிழில் 'அவன் வந்தார்கள்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவார்கள். ஆனால் 'ஃபமிலி', 'ரீம்', 'கொமிற்றி', 'கவர்ன்மென்ற்' என்ற சொற்கள் வந்ததும் வகுப்பு தடுமாறுகிறது. 'கொமிற்றி ஹாஸ் டிசைடட்' என்று எழுதலாம். 'கொமிற்றி ஹாவ் டிசைடட்' என்றும் எழுதலாம். காற்பந்துப் பக்கத்தில் 'ஆர்சனல் ஆர்' என்று அச்சிடும் அதே இலண்டன் செய்தித்தாள் வணிகப் பக்கத்தில் ஒரு வங்கியை 'இஸ்' என்று எழுதுகிறது. "எது சரி ரீச்சர்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் சரி என்கிறேன். கூட்டத்தை ஒன்றாக நினைத்தால் ஒருமை. அதற்குள் இருக்கும் மனிதர்களை நினைத்தால் பன்மை.

இலக்கணம் இப்படி முடிவைப் பேசுபவரிடமே விட்டுவிடும் இடங்கள் அதிகமில்லை. விட்டுவிட்டதால் ஒரு பொறுப்பு நம்மேல் விழுகிறது. ஒரு கூட்டம் ஒன்றா, பலவா? அது ஒரு காரியத்தைச் செய்தால் செய்தவர் யார்? அதன் பாவ புண்ணியம் யாரைச் சேரும்? வகுப்பில் ஐந்து நிமிடத்தில் தாண்டிப்போகும் இந்தப் பாடம் எனக்குப் பல ஆண்டுகளாக ஒரு சமயக் கேள்வியாகவே இருந்துவருகிறது.

இந்த விதியை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் றொபேட் லௌத். 1762இல் ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு சிறு நூல் வெளியிட்டார். பலரைக் குறிக்கும் பெயர் ஒருமை வினையையும் கொள்ளும், பன்மை வினையையும் கொள்ளும் என்றார். ஆனால் அந்த இடத்தில் சொல் தருவது ஒன்று என்ற எண்ணமா, பல என்ற எண்ணமா என்று பாராமல் மனம்போல எழுதக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். எடுத்துக்காட்டுகளை விவிலியத்திலிருந்து எடுத்தார். அவர் ஒரு மதகுரு. 1777இல் இலண்டன் பிஷப்பாகி, 1787இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்து, ஃபுல்லம் தேவாலய வளவில் அடக்கமானவர். எபிரேயக் கவிதையை ஆராய்ந்து பெயர்பெற்றவரும்கூட. விவிலியத்தின் முதல் வசனத்தில் கடவுளைக் குறிக்கும் எபிரேயச் சொல் வடிவத்தில் பன்மை, அதற்கு முடிபாக வரும் வினையோ ஒருமை. அந்த வசனத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு எண்ணும் வினையும் வெறும் எழுத்துப் பிழை திருத்தும் விஷயமாக இருந்திருக்காது.

தொல்காப்பியரும் இதே இடத்தில் நின்றிருக்கிறார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் தருகிறார். குழு, அரசு, விருந்து, குழவி எல்லாம் அதில் வருகின்றன. இவை உயர்திணைப் பொருளில் நின்றாலும் அஃறிணை முடிபே கொள்ளும் என்பது விதி. நாவலரின் இலக்கணச் சுருக்கம் படித்து வளர்ந்த எனக்கு இது பழகிய வழக்கு. 'குழு முடிவெடுத்தது', 'அரசு அறிவித்தது' என்றுதான் இன்றும் எழுதுகிறோம். ஏழு பேர் உள்ளே போகிறார்கள். வெளியே வரும் முடிவு அஃறிணை ஒருமையில் வருகிறது. இலக்கணத்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அஃறிணையைப் பார்த்து யாரும் 'ஏன் செய்தாய்?' என்று கேட்பதில்லை. அந்த வசதியை மனிதர்கள் எடுத்துக்கொள்ளும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நான் கூட்ட அறிக்கை எழுதும் ஒரு கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு பெண், அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் உறவினருக்குச் சாப்பாடு கொடுக்கக் கோயில் மண்டபத்தைக் கேட்டார். முற்பணம் கட்ட வசதியில்லை, அதை மட்டும் தள்ளித் தாருங்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் விதிப்படி இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால் முற்பணத்தைத் தள்ளவேண்டும். குடும்பம் உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கவேண்டும். நிகழ்ச்சி சமயம் சார்ந்ததாக இருக்கவேண்டும். நிர்வாக சபை மூன்று பேரிடம் விஷயத்தை ஒப்படைத்தது. சில நாட்களில், சபை பரிசீலித்து மறுத்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனது. அந்தப் பெண் கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

"சபை மறுத்ததெண்டு போட்டிருக்கு. சபையில ஆர் ரீச்சர் மறுத்தது?"

மூவரையும் தனித்தனியே கேட்டேன். முதலாமவர், குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது, அந்தியேட்டிச் சாப்பாடு சமயக் கடமையின் பகுதி, ஆகவே தள்ளலாம் என்றவர். இரண்டாமவர் கஷ்டத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் சாப்பாடு சமய நிகழ்ச்சி ஆகாது, ஆகவே தள்ளக்கூடாது என்றார். மூன்றாமவர் நிகழ்ச்சி சமயம் சார்ந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். சொந்த வீடு இருக்கிறது, கஷ்டம் என்று சொல்லமுடியாது, ஆகவே தள்ளக்கூடாது என்றார். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கஷ்டம் உண்டு என்றவர்கள் இருவர். சமய நிகழ்ச்சி என்றவர்களும் இருவர். விதிப்படி இரண்டும் இருந்தால் தள்ளவேண்டும். ஆனாலும் முடிவைக் கேட்டபோது இருவர் வேண்டாம் என்றார்கள். சபை பெரும்பான்மையால் இரு காரணங்களையும் ஏற்று, அதே அளவு பெரும்பான்மையால் அவற்றின் முடிவை மறுத்திருக்கிறது. மூவரில் எவரும் தனக்குத்தானே முரண்படவில்லை. முரண்பட்டது சபை.

இலண்டன் பொருளியல் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்த கிறிஸ்டியன் லிஸ்ட் என்பவரும் பிலிப் பெற்றிற் என்பவரும் 2011இல் வெளியிட்ட நூலொன்றில் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நீதிபதிகள் குழுவாகத் தீர்ப்பளிக்கும்போது இதுவே நேர்வதைச் சட்ட அறிஞர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள். இருவரும் கண்ட முடிவு, ஒரு குழுவின் தீர்மானத்தை உறுப்பினர்களின் தீர்மானங்களை வெறுமனே கூட்டிப் பெறமுடியாது என்பது. ஒழுங்காக அமைந்த குழு தனக்கென்று ஒரு நிலைப்பாடு கொண்ட ஒன்றாகவே இயங்குகிறது. அப்படியானால் ஒருமை வினை பொய்யல்ல. ஆகஸ்ட் மாதத்தில் மேற்கு ஈலிங் தெருக்களில் கனகதுர்க்கை அம்மன் தேர் போகும்போது இதைக் கண்ணாலும் பார்க்கலாம். வடம் பிடித்த எவரும் நான் தேரை இழுத்தேன் என்று சொல்லமுடியாது. தேர் நகர்ந்தது உண்மை. அதை நகர்த்தியது எல்லோரும் சேர்ந்த ஒரு செயல்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் வேல்ஸ் நாட்டுக்காரரான எச். டி. லூயிஸ். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் சமய மெய்யியல் பேராசிரியராக இருந்தவர். கூட்டுப் பொறுப்பு பற்றி 1948இல் எழுதிய கட்டுரையில், பொறுப்பு என்பது தனிமனிதருக்கே உரியது, ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைக் குற்றவாளியாக்குவது காட்டுமிராண்டித்தனம் என்று வாதிட்டார். உலகப்போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அவர் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது விளங்குகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இந்த ஊர் நீதிமன்றங்களும் அலைந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பத்தூர் விசுவநாதசுவாமி கோயில் நடராசர் சிலை 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, களவாக நாடுகடந்து, 1982இல் கனடிய நிறுவனமொன்றின் கைக்கு வந்தது. இலண்டன் காவற்றுறை அதைக் கைப்பற்ற, வழக்கு நடந்தது. உரிமை கோரியவர்களில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் இருந்தன. இடிந்து கிடந்த அந்தக் கோயிலும் தன் பிரதிநிதி மூலம் ஒரு வழக்காளியாக நின்றது. கோயில் ஒரு சட்ட ஆள், அது இங்கே வழக்காடலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. சிலை ஊர் திரும்பியது. ஒரு கோயிலுக்குச் சொத்து உண்டு, உரிமை உண்டு, அது 'ஒன்று' என்று இலண்டனிலேயே தீர்ப்பாகிவிட்டது. இதை நான் மனமார வரவேற்கிறேன். அந்த ஒருமை இல்லாவிட்டால் நடராசர் ஒரு பணக்காரரின் கூடத்தில் நின்றிருப்பார்.

ஆனால் உரிமை கேட்பதற்கு எளிதாக வந்த ஒருமை, குற்றத்துக்குப் பதில் சொல்ல வந்தபோது கைவிட்டது. 1987 மார்ச் 6ஆம் திகதி பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பயணிகள் கப்பல் முன்கதவு மூடப்படாமல் புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். நிறுவனத்தின் மேலிருந்து கீழ்வரை அசட்டை பரவியிருந்ததை விசாரணை எடுத்துக்காட்டியது. 1990இல் ஓல்ட் பெய்லியில் வழக்கு நடந்தபோது, கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்துக்கு ஒரு நிறுவனத்தை விசாரிக்கலாம் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் நிறுவனத்தின் மூளை என்று சொல்லத்தக்க மேலாளர் ஒருவர் தன்னளவில் குற்றவாளி என்று காட்டினால்தான் நிறுவனம் குற்றவாளியாகும் என்பது அன்றைய சட்டம். அப்படி ஒருவரைக் காட்ட முடியவில்லை. எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் தவறு இருந்தது. ஆகவே தண்டனை எவருக்குமில்லை. 2007இல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, மேலாண்மை முழுவதன் தவறையும் சேர்த்துப் பார்க்க வழிசெய்தார்கள். அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

நான் சைவ சித்தாந்தக் குடும்பத்தில் பிறந்தவள். அங்கே எனக்குக் கிடைக்கும் விடை சட்டம் தரும் விடையைவிடத் தெளிவானது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதம் செய்தார். அந்த மரபில் இறைவன் ஒருவன்; ஆன்மாக்கள் பல. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் அதனதன் கன்மம். ஒன்றின் வினையை இன்னொன்று அனுபவிப்பதில்லை. இப்போது சபையை எடுத்துக்கொள்ளுங்கள். சபைக்கு வங்கிக் கணக்கு உண்டு, பதிவு எண் உண்டு, முத்திரை உண்டு, ஆன்மா இல்லை. அது பிறப்பதுமில்லை, மறுபிறப்பு எடுப்பதுமில்லை. அதற்கு மலமும் இல்லை, முத்தியும் இல்லை. அப்படியானால் சபை செய்த தீவினை எங்கே போய்ச் சேரும்? வினை அந்தரத்தில் நிற்காது. மனம், வாக்கு, காயம் என்ற மூன்றாலும் வினை செய்யப்படுகிறது என்று படித்திருக்கிறோம். கையை உயர்த்தி வாக்களித்தது காயம். 'நானும் அப்படியே' என்றது வாக்கு. ஒன்றும் பேசாமல் உள்ளுக்குள் இணங்கியது மனம். மூன்றும் ஆளுக்கு ஆள் கணக்கில் ஏறுகின்றன. கடிதத் தலைப்பில் ஏறுவதில்லை.

அதே மரபு இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்று விதமாகச் சொல்கிறது. ஒரு குழுவை இறைவனோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல; அது பெரும் பிழை. ஆனால் ஒன்று என்றும் பல என்றும் மட்டுமே யோசித்துச் சிக்கிக்கொள்ளும் மனத்துக்கு 'உடனாய்' என்ற மூன்றாவது வழியைக் காட்டிய மரபு நம்முடையது. சபையும் அதன் மனிதரும் ஒன்றல்ல. சபையை விட்டுத் தனியாகவும் அவர்கள் அந்த முடிவை எடுத்திருக்க முடியாது. உடனிருந்து செய்தார்கள். உடனிருந்தவர் எல்லோரும் உடனிருந்து பதில் சொல்லவேண்டும்.

கிறிஸ்தவர்களும் இதைத் தங்கள் வழியில் சிந்தித்திருக்கிறார்கள். நைசீய விசுவாசப் பிரமாணம் 325இல் கிரேக்கத்தில் 'நாங்கள் விசுவசிக்கிறோம்' என்று பன்மையில் தொடங்கியது. இலத்தீன் வழிபாட்டில் அது 'நான் விசுவசிக்கிறேன்' ஆனது. இங்கிலாந்துத் திருச்சபையின் 2000ஆம் ஆண்டு வழிபாட்டு நூல் 'நாங்கள்' என்று சொல்லவைக்கிறது. கத்தோலிக்கரின் ஆங்கிலத் திருப்பலியில் 2011இன் இறுதியில் 'நாங்கள்' மாறி 'நான்' திரும்பி வந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமை இந்த நகரின் இரண்டு தேவாலயங்களில் ஒரே நம்பிக்கையை ஒருவர் ஒருமையிலும் மற்றவர் பன்மையிலும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டியவையாகப் படுகின்றன. நம்பிக்கையை எனக்குத் தந்தது ஒரு கூட்டம். ஆனால் எனக்காக இன்னொருவர் நம்பமுடியாது. எனக்காக இன்னொருவர் வெட்கப்படவும் முடியாது.

இதுவரை சொன்னது சபைகளைப் பற்றி. சபையைவிடப் பெரிய கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு இனம் என்று பெயர். அங்கேதான் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணிநேரம். கட்டளையிட்டது விடுதலைப் புலிகள். நான் அப்போது இலண்டனில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நான் யாருக்கும் கட்டளையிடவில்லை. 'நாங்கள் வெளியேற்றினோம்' என்று நான் சொல்லவேண்டுமா? 'அவர்கள் வெளியேற்றினார்கள்' என்று சொல்லிக் கையைக் கழுவலாமா?

ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் இதற்கு உதவினார். மனைவி யூதர் என்பதால் நாஸி ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்தவர் அவர். 1946இல் வெளிவந்த தன் நூலில் குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தின் முன் நிற்கும் குற்றம், அதைச் செய்தவர்களுக்கு மட்டும் உரியது. அரசியல் பொறுப்பு, எவர் பெயரால் அது செய்யப்பட்டதோ அந்தக் குடிமக்கள் எல்லோருக்கும் உரியது. ஒழுக்கக் குற்றத்தை ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். இவற்றுக்கும் அப்பால், மனிதனுக்கு மனிதன் என்ற பிணைப்பால், அநியாயம் நடந்தபோது உயிரோடிருந்தோம் என்பதாலேயே கடவுள் முன் நிற்கவேண்டிய ஒன்று உண்டு. ஒரு மக்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளி என்று தீர்ப்பிட முடியாது என்றார். ஆனால் தங்கள் பெயரால் நடந்ததன் விளைவை அவர்கள் சுமக்கவேண்டும் என்றும் சொன்னார்.

அவரை அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன். அந்தக் குற்றம் என்னுடையதல்ல. கடன் என்னுடையது. என் மொழியின் பெயரால், என் விடுதலையின் பெயரால் அது நடந்தது. யாழ்ப்பாணத்துச் சோனகதெருவிலிருந்து போனவர்கள் திரும்பி வரவும், அவர்களுடைய காணியும் வீடும் அவர்களுக்கே ஆகவும், நடந்தது அநியாயம் என்று ஒளிக்காமல் சொல்லவும் நான் கடமைப்பட்டவள். 1983 ஜூலையை மறக்காத நான் இதையும் அதே அளவுகோலால்தான் அளக்கவேண்டும். அந்த ஜூலையில் தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்தவர்களும் சிங்களவர்கள்; தமிழரைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர்களிலும் பலர் சிங்களவர்கள். 'சிங்களவன் கொளுத்தினான்' என்ற ஒருமை காப்பாற்றியவரை அழித்துவிடுகிறது, கொளுத்தியவரையும் மறைத்துவிடுகிறது. ஓர் இனத்தை ஒருமையில் குற்றம்சாட்டும் வழக்கிலிருந்துதான் எல்லாக் கலவரங்களும் தொடங்குகின்றன.

ஆகவே என் முடிவு இது. ஒரு கூட்டம் செய்யும் செயல் ஒன்றாக இருக்கலாம். அதற்குப் பதில் சொல்லும் கடமை எப்போதும் பலருடையது. சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் ஒருமை போதும். ஒருவரை மறுக்கும்போது, தண்டிக்கும்போது, வெளியேற்றும்போது பன்மை வேண்டும். அந்தப் பன்மைக்குள் பெயர்கள் வேண்டும். பிறப்பால் சேர்ந்த கூட்டத்துக்குக் குற்றம் இல்லை, கடன் உண்டு. விரும்பிச் சேர்ந்த சபைக்கு இரண்டும் உண்டு.

அந்தப் பெண்ணின் விஷயம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. மூவரும் சொன்ன காரணங்களைப் பெயர்களோடு எழுதி வாசித்தேன். வாசித்து முடிக்குமுன்பே முரண்பாடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அதற்குள் முப்பத்தோராம் நாள் கடந்திருந்தது. அவர் வீட்டிலேயே சமைத்துப் பந்தி வைத்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் கோயிலில் மறுப்புக் கடிதம் எதுவானாலும் காரணமும் முடிவெடுத்தவர்களின் பெயரும் எழுதியே போகிறது. முதலில் காரணங்களுக்கு வாக்கெடுக்கிறோம்; காரணங்கள் எங்கே கொண்டுபோகின்றனவோ அங்கே முடிவு போகிறது. இதனால் கூட்டங்கள் நீள்கின்றன. மறுப்புகள் குறைந்திருக்கின்றன.

இலண்டனில் கோயில் நிர்வாக சபைகளிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் இருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆங்கிலத்தில் ஒருமையில் எழுதுவதா பன்மையில் எழுதுவதா என்று அலட்டிக்கொள்ளவேண்டாம். எதை எழுதினாலும் ஆங்கிலம் மன்னிக்கும். ஒருவருக்கு இல்லை என்று சொல்லி எழுதும் கடிதத்தில், இல்லை என்றவர்கள் யார், ஏன் என்றார்கள் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் பெயரை எழுத மனம் கூசினால், அந்த முடிவை மறுபடியும் யோசியுங்கள்.